முதன்முதலா பைக் வாங்கப் போறீங்களா? கலரைப் பார்த்து ஏமாந்துடாதீங்க... கால் எட்டுதான்னு முதல்ல பாருங்க!

திருப்பூர்:-

தீபாவளி நெருங்கி போனஸ் பட்டுவாடா தொடங்கிவிட்டால் போதும், பனியன் கம்பெனி வாலிபர்கள் கூட்டம் கூட்டமாக பைக் ஷோரூம் படியேறுவது திருப்பூரில் வழக்கம். கட்டிங், டையிங், செக்கிங் என்று ஒன்றரை ஷிப்டு பார்த்து சேர்த்த காசு. உள்ளே நுழைந்ததும் கண் எங்கே போகிறது? கண்ணாடி ஓரமாக பளபளவென்று நிற்கும் ரேஸ் வண்டி மேல்தான். விலையைக் கேட்டால் மயக்கம் வரும். ஆனால் "கையில 10 ஆயிரம் கட்டுங்க தம்பி, மீதியை மாசா மாசம் கட்டிக்கலாம்" என்று சொன்னதும் மயக்கம் தெளிந்துவிடும்.

பிரச்சினை அங்கேதான் ஆரம்பிக்கிறது. வாழ்க்கையில் முதல்முறை பைக் ஓட்டப் போகிறவருக்கு, நன்றாக ஓட்டத் தெரிந்தவரே தடுமாறும் வண்டி கைக்கு வந்துவிடுகிறது.

மத்திய சாலை போக்குவரத்து அமைச்சக அறிக்கைப்படி 2022-ம் ஆண்டில் நாடு முழுவதும் சாலை விபத்தில் பலியானவர்கள் 1,68,491 பேர். அதில் 100-க்கு 44 பேருக்கு மேல் டூவீலரில் போனவர்கள். தமிழ்நாட்டில் மட்டும் அந்த ஒரே ஆண்டில் 17,884 உயிர்கள் போய்விட்டன. ஆகவே முதல் வண்டியை தேர்ந்தெடுப்பது சட்டை துணி எடுக்கிற மாதிரி விஷயம் அல்ல.

கால் ஊனணும்

புதுசாக ஓட்டுகிறவர் வண்டியோடு கீழே விழுவது பெரும்பாலும் வேகமாகப் போகும்போது என்று நினைக்கிறோம். அது பாதிதான் உண்மை. சிக்னலில் நிற்கும்போது, யு டர்ன் திரும்பும்போது, பஸ்சுக்குப் பின்னால் மெதுவாக ஊர்ந்து போகும்போதுதான் கற்றுக்குட்டிகள் அதிகம் சாய்கிறார்கள். வேகம் இருக்கும்போது வண்டி தானே நிமிர்ந்து நிற்கும். வேகம் குறைந்தால் நிமிர்த்தி வைப்பது ஓட்டுகிறவரின் கை, கால் வேலை. அப்போது கால் தரையில் முழுசாகப் பதியவில்லை என்றால் அவ்வளவுதான். பல்லடம் ரோட்டில் லாரிக்குப் பக்கத்தில் இப்படிச் சாய்ந்தால் என்ன ஆகும் என்று சொல்ல வேண்டியதில்லை.

அதனால் ஷோரூமில் மைலேஜ் கேட்பதற்கு முன்னால் இரண்டு விஷயம் கேளுங்க. ஒன்று, சீட்டு உயரம் எத்தனை மில்லிமீட்டர். இன்னொன்று, வண்டி எத்தனை கிலோ.

கிராமத்து ரோடுகளில் எங்கு பார்த்தாலும் ஓடுகிற ஹீரோ ஸ்பிளெண்டர் பிளஸ் வண்டியின் சீட்டு உயரம் 785 மி.மீ., எடை 112 கிலோ. 2023-ல் வந்த ஹோண்டா ஷைன் 100 இன்னும் லேசு, 99 கிலோ, சீட்டு 786 மி.மீ. வாலிபர்கள் ஆசைப்படும் யமஹா ஆர்15 வண்டியின் சீட்டு 815 மி.மீ., எடை சுமார் 142 கிலோ. ராயல் என்பீல்டு கிளாசிக் 350 வண்டி 195 கிலோ. அதாவது இரண்டு ஷைனை ஒன்றாகக் கட்டி வைத்த கனம்!

785-க்கும் 815-க்கும் ஒரு அங்குலம்தானே வித்தியாசம் என்று தோன்றும். 5 அடி 3 அங்குலம் உயரம் உள்ளவருக்கு அந்த ஒரு அங்குலம்தான் பாதம் முழுசாகப் பதிவதற்கும், கட்டை விரலில் நிற்பதற்கும் உள்ள வித்தியாசம். சீட்டின் அகலமும் ஒரு காரணம். அகலமான சீட்டு தொடையை விரித்துவிடும். உயரம் குறைவாக இருந்தாலும் கால் எட்டாது. அதனால் காகிதத்தில் போட்டிருப்பதை மட்டும் நம்பாமல் உட்கார்ந்து பார்த்துவிட வேண்டும்.

எப்படிப் பார்ப்பது? தினமும் வேலைக்குப் போடுகிற செருப்போடவே போங்க. வண்டியில் உட்கார்ந்து இரண்டு பாதமும் முழுசாகத் தரையில் படுகிறதா என்று பாருங்க. இறங்கி நின்று கையால் தள்ளி 10 அடி முன்னால், 10 அடி பின்னால் கொண்டு போங்க. நடு ஸ்டாண்டு போட்டு எடுங்க. மூச்சு வாங்குகிறதா? அப்படியானால் கம்பெனி வாசலில் நெருக்கி நிறுத்தி இருக்கும் வண்டிகளுக்கு நடுவில் இருந்து அதை தினமும் ராத்திரி வெளியே எடுக்கப் போவது நீங்கள்தான்.

பின்னால் வீட்டுக்காரம்மாவோ அம்மாவோ உட்காருவார்கள் என்றால் அவர்களையும் கூட்டிப் போவது உத்தமம். ரேஸ் வண்டியின் பின் சீட்டு குருவிக்கூடு மாதிரி உயரத்தில் இருக்கும். பிடிக்க கம்பியும் சரியாக இருக்காது. சேலை கார்டு, பின்னால் கைப்பிடி, செயினுக்கு முழு கவர் இந்த மூன்றும் இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். துப்பட்டா, முந்தானை செயினில் சிக்கி விழுந்த சம்பவங்கள் கொஞ்ச நஞ்சமல்ல.

சி.சி. மயக்கம்

"100 சி.சி. எல்லாம் பெருசுங்க ஓட்டுறது" என்று கிண்டல் பண்ணுகிற நண்பர்கள் எல்லா ஊரிலும் உண்டு. அந்த நண்பர்கள் மாசத் தவணை கட்ட வரமாட்டார்கள்.

ஸ்பிளெண்டர் என்ஜின் தருவது சுமார் 8 குதிரைத்திறன். கே.டி.எம். டியூக் 390 தருவது 40-க்கும் மேலே. வித்தியாசம் எங்கே தெரியும் என்றால் கை மணிக்கட்டில். புதுசாக ஓட்டுகிறவர் பள்ளத்தில் வண்டி குதித்தால் பயந்து ஹேண்டில்பாரை இறுக்கிப் பிடிப்பார். பிடித்த பிடியில் ஆக்சிலேட்டர் தானாகத் திருகிக்கொள்ளும். 8 குதிரை வண்டி லேசாக உறுமிவிட்டு அடங்கும். 40 குதிரை வண்டி முன்னால் போகிற காரின் டிக்கியில்தான் நிற்கும்.

அவினாசி ரோட்டிலும் காங்கயம் ரோட்டிலும் ஷிப்டு விடுகிற நேரத்தில் 40 கி.மீ. வேகத்துக்கு மேல் போக வழி கிடையாது. அதற்கு 100 முதல் 125 சி.சி. தாராளம். தினமும் நாலுவழிச் சாலையில் 50, 60 கி.மீ. போகிறவர், அடிக்கடி இரண்டு பேராகப் போகிறவர் 125 எடுத்தால் இழுவை நன்றாக இருக்கும். 150-க்கு மேல் போவதை ஒன்றிரண்டு வருஷம் ஓட்டிப் பழகிய பிறகு யோசிக்கலாம்.

பிரேக் விஷயத்திலும் ஒரு சங்கதி இருக்கு. வண்டியை நிறுத்துவதில் பெரிய பங்கு முன் பிரேக்குக்குத்தான். ஆனால் முன் பிரேக் பிடித்தால் தூக்கி எறிந்துவிடும் என்று பயந்து, பலரும் வருஷக்கணக்கில் பின் பிரேக்கை மட்டும் மிதித்தே ஓட்டுகிறார்கள். 2019 ஏப்ரல் முதல் வந்த விதிப்படி 125 சி.சி.க்கு மேல் உள்ள வண்டிக்கு ஏ.பி.எஸ். கட்டாயம். அதற்கு கீழே உள்ளதற்கு சி.பி.எஸ். இருந்தாலே போதும். சி.பி.எஸ். என்றால் ஒரு பிரேக்கைப் பிடித்தாலே இரண்டு சக்கரத்திலும் பிடிக்கும். ஏ.பி.எஸ். என்றால் எவ்வளவு அழுத்தினாலும் சக்கரம் பூட்டிக்கொண்டு சறுக்காது. பழைய வண்டி வாங்குகிறவர்கள் 2019-க்கு முன்னால் வந்ததா, பின்னால் வந்ததா என்று பார்ப்பது இதற்காகவும்தான்.

கியர் விஷயமும் முக்கியம். சில வண்டியில் எல்லா கியரும் முன்னால் மிதிப்பது. சிலவற்றில் 1-வது கியர் மட்டும் கீழே, மற்றதெல்லாம் மேலே தூக்குவது. மாமா வண்டியில் ஒரு மாதிரி பழகிவிட்டு வேறு மாதிரி வண்டி எடுத்தால் முதல் ஒரு மாசம் நடுரோட்டில் குழப்பம்தான்.

வட்டிக் கணக்கு

போர்டில் எழுதி இருக்கும் விலை வேறு, ரோட்டில் இறங்கும்போது ஆகும் விலை வேறு. தமிழ்நாட்டில் 2023 நவம்பரில் மாற்றி அமைக்கப்பட்ட வாழ்நாள் வரி, 1 லட்சம் ரூபாய் வரை விலை உள்ள டூவீலருக்கு 10 சதவீதம், அதற்கு மேல் 12 சதவீதம். 2018 செப்டம்பர் முதல் புது வண்டிக்கு 5 வருஷத்துக்கு சேர்த்தே மூன்றாம் நபர் இன்சூரன்ஸ் கட்ட வேண்டும். 2022 ஜூனில் அறிவிக்கப்பட்ட கட்டணப்படி 75 முதல் 150 சி.சி. வரை இது 3,851 ரூபாய். 150-ஐ தாண்டி 350 வரை 7,365 ரூபாய். 350-க்கு மேல் என்றால் 15,117 ரூபாய். சி.சி. கூடக் கூட இதுவும் கூடும். 2025 செப்டம்பரில் 350 சி.சி. வரையிலான வண்டிக்கு ஜி.எஸ்.டி. 28-ல் இருந்து 18 சதவீதமாகக் குறைந்தது. அதற்கு மேல் உள்ளதற்கு 40 சதவீதம் ஆனது. இன்சூரன்ஸை ஷோரூமில்தான் எடுக்க வேண்டும் என்ற கட்டாயமும் இல்லை. வெளியே விசாரித்துப் பார்க்கலாம்.

கடன்தான் பெரிய வலை. "வருஷத்துக்கு 12 சதவீதம்தான்" என்பார்கள். அது என்ன வட்டி என்று கேட்க வேண்டும். 80 ஆயிரம் ரூபாய் கடன், 3 வருஷம் என்று வைத்துக்கொள்ளுங்க. பிளாட் வட்டி என்றால் மொத்தமாக 28,800 ரூபாய் வட்டி போட்டு மாசம் 3,022 ரூபாய் கட்டச் சொல்வார்கள். குறையும் பாக்கிக்கு மட்டும் வட்டி என்றால் அதே 12 சதவீதத்துக்கு மாசம் 2,657 ரூபாய்தான் வரும். 3 வருஷத்தில் 13 ஆயிரம் ரூபாய்க்கு மேல் வித்தியாசம். பிளாட் 12 சதவீதம் என்பது நிஜத்தில் 21 சதவீதத்துக்கு சமம்!

பெட்ரோலையும் சேர்த்துப் பார்க்க வேண்டும். தினம் 30 கி.மீ., மாசம் 26 நாள் என்றால் 780 கி.மீ. லிட்டர் 100 ரூபாய் என்று வைத்தால், 60 கி.மீ. மைலேஜ் தருகிற வண்டிக்கு 1,300 ரூபாய். 35 தருகிற வண்டிக்கு 2,200-க்கு மேல். தவணையும் பெட்ரோலும் சேர்ந்து மாசச் சம்பளத்தில் கால் பங்கைத் தாண்டினால் அந்த வண்டி வேண்டாம். ஆர்டர் குறைந்து ஷிப்டு குறைகிற மாசமும் வரும், தவணை தேதி மட்டும் தள்ளிப் போகாது.

பழசும் நல்லதே

பழகும்போது வண்டி எப்படியும் நாலு தடவை உரசத்தான் செய்யும். அது பழைய வண்டியாக இருந்தால் மனசு வலிக்காது. ஆனால் பழசு வாங்குவதில் கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு பார்க்க வேண்டும்.

போனவுடன் என்ஜினைத் தொட்டுப் பாருங்க. சூடாக இருந்தால் நீங்கள் வருவதற்கு முன்பே ஸ்டார்ட் செய்து வைத்திருக்கிறார்கள் என்று அர்த்தம். காலையில் ஸ்டார்ட் ஆகாத வண்டியை மறைக்கிற தந்திரம் இது. சைலன்சரில் நீலப் புகை வந்தால் ஆயில் எரிகிறது, செலவு பெரிசு. முன் போர்க்கில் ஆயில் கசிவு, வளைந்த ஹேண்டில்பார், தேய்ந்த புட்ரெஸ்ட் எல்லாம் வண்டி விழுந்து எழுந்த அடையாளம்.

ஆர்.சி. புத்தகத்தில் உள்ள என்ஜின் நம்பர், சேசிஸ் நம்பர் இரண்டையும் வண்டியில் உள்ளதோடு ஒப்பிட வேண்டும். சங்கிலி பறிப்பில் சிக்கிய வண்டியும் திருட்டு வண்டியும் சல்லிசு விலைக்கு வரும். போலீஸ் கடைசியில் வந்து நிற்பது வாங்கியவர் வீட்டு வாசலில்தான். ஆர்.சி.யில் பைனான்ஸ் பெயர் இருந்தால் தடையில்லா சான்றும் 35-ம் நம்பர் படிவமும் கையில் வாங்காமல் முழுப் பணம் தரக்கூடாது. 29, 30 படிவங்களில் கையெழுத்து வாங்கி உடனே பெயர் மாற்றிவிட வேண்டும். விற்கிறவரும் இதில் அக்கறை காட்ட வேண்டும். ஆர்.சி.யில் யார் பெயர் இருக்கிறதோ அவர்தான் விபத்துக்கு பொறுப்பு என்று 2018-ல் சுப்ரீம் கோர்ட்டே சொல்லிவிட்டது.

ஹெல்மெட்டும் எட்டும்

வண்டி பட்ஜெட்டில் ஹெல்மெட்டையும் சேர்க்க வேண்டும். 2022-ல் ஹெல்மெட் போடாமல் நாடு முழுவதும் இறந்தவர்கள் 50,029 பேர். அதில் 14,337 பேர் பின்னால் உட்கார்ந்து போனவர்கள். ரோட்டோரம் 200 ரூபாய்க்கு விற்கும் தொப்பி போலீசிடம் இருந்து காப்பாற்றலாம், தார் ரோட்டில் இருந்து காப்பாற்றாது. ஐ.எஸ்.ஐ. முத்திரையும் ஐ.எஸ். 4151 என்ற நம்பரும் இருக்க வேண்டும். 2021 ஜூன் முதல் இந்த முத்திரை இல்லாத ஹெல்மெட்டை விற்பதே குற்றம். ஹெல்மெட் போடாவிட்டால் 1,000 ரூபாய் அபராதம், 3 மாதம் லைசென்ஸ் முடக்கம் என்று சட்டம் சொல்கிறது.

18 வயது ஆகாத பையனுக்கு கியர் வண்டி வாங்கித் தரும் பெற்றோர் கவனிக்க வேண்டியது இன்னும் கடுமை. 2019-ல் திருத்தப்பட்ட மோட்டார் வாகனச் சட்டப்படி பையன் சிக்கினால் பெற்றோருக்கு அல்லது வண்டி உரிமையாளருக்கு 3 ஆண்டு வரை ஜெயில், 25 ஆயிரம் ரூபாய் அபராதம். பையனுக்கு 25 வயது வரை லைசென்ஸ் கிடையாது.

வண்டி வாங்குவதற்கு முன்பே எல்.எல்.ஆர். போட்டுவிடுவது புத்திசாலித்தனம். அது 6 மாதம் செல்லும். 30 நாள் கழித்து டெஸ்டுக்குப் போகலாம். எல்.எல்.ஆரில் ஓட்டும்போது கற்றுத் தருகிறவரைத் தவிர வேறு யாரையும் பின்னால் ஏற்றக்கூடாது. டெஸ்டில் கால் ஊனாமல் 8 போட வேண்டும், அதற்கும் லேசான வண்டியே வசதி. ஒன்று கவனிக்கணும். பாஸ் ஆனால் போதும் என்று ஸ்கூட்டியில் 8 போட்டால் கியர் இல்லாத வண்டிக்கு மட்டும்தான் லைசென்ஸ் வரும். அந்த லைசென்ஸை வைத்துக்கொண்டு புது பைக் ஓட்டி விபத்து நடந்தால், இன்சூரன்ஸ் கம்பெனி கைவிரிக்க அதுவே போதும்.