பழைய டிராக்டர்: பெட்ரோலா, டீசலா?

சிங்கப்பெருமாள் கோயிலிலிருந்து ஒரகடம் வழியாக ஸ்ரீபெரும்புதூருக்குப் பேருந்தில் சென்றிருக்கிறீர்களா? சாலையோரமெல்லாம் தொழிற்சாலைகள். ஒரகடத்தில் 2012 முதல் டீசல் லாரிகளும், 2013 முதல் பெட்ரோல் மோட்டார் சைக்கிள்களும் தயாராகின்றன. மதிற்சுவர்களுக்கு அப்பால் ஏரிகளும் நெல்வயல்களும் இன்னும் இருக்கின்றன.

என் மாணவர் ஒருவரின் தந்தை இங்கே ஒரு தொழிற்சாலையில் பணிபுரிகிறார். ஊரில் இரண்டு ஏக்கர் நிலம் உண்டு. விடுமுறை நாட்களில் பயிர் செய்ய ஆசை. சேமிப்பைப் போட்டுப் பழைய டிராக்டர் ஒன்றை வாங்க எண்ணினார். "டீசல் டிராக்டர் வாங்கலாமா, பெட்ரோலில் ஓடும் சிறு உழவுக் கருவியே போதுமா?" என்று மகன் என்னிடம் கேட்டார். விடை உங்கள் பௌதிகப் பாடத்திலேயே இருக்கிறது.

ஒரு சைக்கிள் பம்பை எடுத்து, அதன் வாயை விரலால் அடைத்துக்கொண்டு சில தடவை வேகமாக அழுத்துங்கள். பம்பின் அடிப்பகுதி சுடுகிறது அல்லவா? காற்றை விரைவாக அழுத்தினால் அது சூடேறும். ருடால்ஃப் டீசல் என்ற ஜெர்மானியப் பொறியாளர் 1897இல் வெற்றிகரமாக இயக்கிக் காட்டிய எஞ்சினின் அடிப்படை இதுதான்.

பழைய பெட்ரோல் டிராக்டர்களில் பிஸ்டன், காற்றும் பெட்ரோலும் கலந்த கலவையைச் சுமார் ஆறில் ஒரு பங்காக அழுத்தும். அதற்கு மேல் மிகவும் அழுத்தினால் கலவை முன்கூட்டியே பற்றிக்கொண்டு எஞ்சின் 'தட்டும்'. ஆகவே உரிய நேரத்தில் பற்றவைக்க ஸ்பார்க் பிளக் தேவை. டீசல் எஞ்சினிலோ வெறும் காற்று மட்டும் சுமார் பதினேழில் ஒரு பங்காக அழுத்தப்படுகிறது. 27 டிகிரி செண்டிகிரேடில் உள்ள காற்று, வெப்பம் சிறிதும் வெளியேறாவிட்டால், 650 டிகிரியைத் தாண்டும்! அதில் பீச்சப்படும் டீசல் தானே எரிகிறது. பொறி தேவையில்லை.

இவ்வளவு அழுத்துவதால் எரிபொருளின் சக்தியில் அதிகப் பங்கு வேலையாக மாறுகிறது. மேலும், ஒரு லிட்டர் டீசலில் பெட்ரோலைவிடச் சுமார் பத்தில் ஒரு பங்கு சக்தி கூடுதல். 1946இல் இங்கிலாந்தின் கவென்ட்ரி நகரில் வெளிவரத் தொடங்கிய ஃபெர்குஸன் டிராக்டர் முதலில் பெட்ரோலில்தான் ஓடியது. 1951இல் அதற்கு டீசல் எஞ்சினும் வந்தது. 1960இல் சென்னையில் தோன்றிய டாஃபே நிறுவனம், அந்த மரபில் வந்த மாஸி ஃபெர்குஸன் டிராக்டர்களைத் தயாரித்தது. இன்று நம் ஊரில் விலைக்கு வரும் பழைய டிராக்டர்கள் ஏறக்குறைய எல்லாமே டீசல்தான்.

அப்படியானால் டீசலையே வாங்கிவிடலாமா? பொறுங்கள்! பெட்ரோல் எஞ்சினில் பொறி கெட்டால் பிளக்கை மாற்றினால் போதும், செலவு சொற்பம். டீசலுக்கோ அழுத்தமே பொறி. பிஸ்டன் வளையங்களும் சிலிண்டரும் தேய்ந்தால் காற்று கசியும், சூடு குறையும், எஞ்சின் எளிதில் கிளம்பாது. அதைச் சரிசெய்ய எஞ்சினையே பிரிக்க வேண்டும். ஆகவே பழைய டீசல் டிராக்டரை வாங்குபவர் உண்மையில் விலை கொடுப்பது அதன் அழுத்தத்திற்குத்தான்.

அதைச் சோதிப்பது எப்படி? எஞ்சினை இயக்கும் முன் அதன்மேல் கை வைத்துப் பாருங்கள். குளிர்ந்திருக்க வேண்டும். சூடான எஞ்சின் தன் குறையை மறைக்கும். பிறகு புகையைக் கவனியுங்கள். வெண்புகை விடாமல் வந்தால் டீசல் எரியாமலே வெளியேறுகிறது, அழுத்தம் குறைந்திருக்கலாம். நீலப்புகை, எஞ்சின் ஆயில் எரிவதைக் காட்டும். கரும்புகை, காற்றுப் போதவில்லை அல்லது டீசல் அதிகம் என்பதன் அடையாளம்.

தந்தையும் மகனும் டிராக்டரைப் பார்க்கச் சென்றார்கள். அவர்கள் வருமுன்பே எஞ்சின் சூடேற்றி வைக்கப்பட்டிருந்தது! ஆறும்வரை காத்திருந்து இயக்கச் சொன்னார்கள். நெடுநேரம் முக்கிய பிறகே கிளம்பியது. வெண்புகை நிற்கவே இல்லை. சேமிப்பு தப்பியது.

இப்போது சேற்றுழவுக்கு, வேளாண்மைப் பொறியியல் துறை மணிக்கணக்கில் வாடகைக்கு விடும் டிராக்டரை அமர்த்துகிறார்கள். காய்கறிப் பாத்திகளுக்குப் பெட்ரோலில் ஓடும் சிறு களைக்கருவி இருக்கிறது. ஆண்டில் சில நாட்களே உழும் இரண்டு ஏக்கருக்கு இது போதும். நாள்தோறும் உழுபவருக்குத்தான் டீசல் டிராக்டரின் சிக்கனம் போட்ட முதலைத் திருப்பித் தரும்.

உங்கள் வீட்டிலும் யாரேனும் பழைய டிராக்டர் பார்க்கப் புறப்பட்டால், நீங்களும் உடன் செல்லுங்கள். முதலில் எஞ்சினைத் தொட்டுப் பாருங்கள்!