பாலத்தின் எக்கரையில் வீடு?

ஜொகூர் பாருவுக்கும் சிங்கப்பூருக்கும் இடைப்பட்ட கடலின் அகலம் ஏறத்தாழ ஒரு கிலோமீட்டரே. 1924இல் முறையாகத் திறக்கப்பெற்ற பாலத்தைக் கால்மணி நேரத்தில் நடந்தே கடக்கலாம். ஆயினும் அக்கரையில் வேலையும் இக்கரையில் வீடும் உடையோர் விடியுமுன் புறப்படுகின்றனர். காரணம் தூரமன்று; இரு கரைச் சோதனைச் சாவடிகளே காலத்தை விழுங்குகின்றன.

ஆகவே வீடு தேடுவோர் வாடகையை மட்டும் நோக்குதல் போதாது. ஜூரோங், துவாஸ் வட்டாரத்தில் பணிபுரிவோர்க்கு 1998இல் திறக்கப்பெற்ற இரண்டாவது பாலத்தை அடுத்த கேலாங் பாத்தா ஏற்றது. உட்லண்ட்ஸ் பக்கம் வேலையெனில், சாவடிக்கு நடந்து செல்லும் தொலைவில் சிற்றறையாயினும் நன்று. மாசாயில் வீடு மலிவு. ஆனால் பாலத்தை எட்டுமுன்பே ஒரு பயணம் முடிந்திருக்கும். மோட்டார் சைக்கிள்காரர் மழையையும் கணக்கிற் சேர்த்தல் வேண்டும்.

என்னிடம் படித்த ஒருவர், குடும்பத்தோடு அக்கரைக்கே போய்விடலாமா என்று கேட்டார். சம்பளக் கணக்கை அவரே அறிவார். நான் பிள்ளையைப் பற்றித்தான் கேட்டேன். சிங்கப்பூரில் தமிழ் ஒரு பாடமாக உண்டு. தமிழ்வழிப் பள்ளி இல்லை. கடைசியாக இருந்த உமறுப் புலவர் பள்ளி 1982இல் மூடப்பட்டது. ஜொகூரிலோ தொடக்கக் கல்வி ஆறாண்டையும் தமிழ்ப் பள்ளியில் கற்கலாம். ஆனால் தந்தை திரும்புமுன் பிள்ளை உறங்கிவிடுகிறதே!

அவர் ஸ்கூடாய் வீட்டை விட்டுப் பாலத்தருகே குடிவந்தார். வாடகை கூடிற்று. மகள் தமிழ்ப் பள்ளிக்கே செல்கிறாள். இராச் சோற்றுக்குத் தந்தை வந்துவிடுகிறார், வெள்ளிக்கிழமை நீங்கலாக.