ஊரார் பங்கில் எழுந்த பள்ளிக்கூடம்

ஊர்த் தேர் நிலையை விட்டு நகர வேண்டுமாயின் வடம் பிடிக்க ஊரார் கைகள் அனைத்தும் வேண்டும். நம் கூட்டுறவுச் சங்கங்களின் அடிப்படையும் அதுவே. தறியில் அமர்ந்திருப்பவரும் ஏர் பிடிப்பவரும் தம்மால் இயன்ற சிறுதொகையைப் பங்காக இடுகின்றனர். தனியொருவரால் ஆகாத காரியம் அதனால் ஆகின்றது. இம்முறையிலேயே பருத்தி விளைவித்த ஏழைக் குடியானவர்கள் எழுப்பிய ஒரு சிறு பள்ளிக்கூடத்தின் வரலாற்றை இங்கே கூற விரும்புகின்றோம். அஃது அமெரிக்காவின் தென்பகுதியில், அலபாமா மாநிலத்தில், லீ மாவட்டத்து லோச்சபோக்கா என்னும் சிற்றூரில் 1913-ஆம் ஆண்டில் எழுந்த ஓராசிரியர் பள்ளியாகும்.

பள்ளி இல்லாத பிள்ளைகள்

அலபாமாவில் அடிமைகளுக்கு எழுத்துக் கற்பிப்பதே குற்றம் என்று 1832-இல் சட்டம் இயற்றியிருந்தனர். 1865-இல் அடிமை முறை ஒழிந்தது. ஆயினும் விடுதலை பெற்ற கறுப்பின மக்களுக்கு நிலம் கிடைக்கவில்லை. அவர்களுள் பெரும்பாலோர் பிறர் நிலத்தை வாரத்திற்கு உழுது பருத்தி பயிரிட்டுக் கடனிலேயே காலம் கழித்தனர். இரு இனத்தாருக்கும் தனித்தனி ஏற்பாடுகள் இருக்கலாம், அவை சமமாக இருந்தால் போதும் என்று 1896-இல் அந்நாட்டு உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. தென் மாநிலங்கள் ‘தனி’ என்பதைத் தவறாமல் நிறைவேற்றின. ‘சமம்’ என்பதை மறந்துவிட்டன. பொதுப்பணத்தின் பெரும்பங்கு வெள்ளையர் பள்ளிகளுக்கே சென்றது. கறுப்பினப் பிள்ளைகள் மாதா கோவிலிலோ, ஒழுகும் மரக்குடிசையிலோ, ஆண்டில் சில மாதங்கள் மட்டும் படித்தனர். பஞ்சு எடுக்கும் பருவம் வந்தால் அதுவும் இல்லை.

இருவர் கூட்டு

இந்நிலையை மாற்ற முயன்றவருள் தலையாயவர் புக்கர் டி. வாஷிங்டன். 1856-இல் அடிமையாகப் பிறந்த அவர், 1881-இல் அலபாமாவின் டஸ்கீஜி என்னும் ஊரில் கல்வி நிலையம் ஒன்றைத் தொடங்கி, கைத்தொழிலையும் ஆசிரியப் பயிற்சியையும் அங்கே அளித்து வந்தார். 1911-இல் சிகாகோ நகரத்து வணிகர் ஜூலியஸ் ரோசன்வால்டு அவருக்கு அறிமுகமானார். அஞ்சல் வழியே பொருள் விற்ற சியர்ஸ் ரோபக் நிறுவனத்தின் தலைவர் அவர். ஜெர்மனியிலிருந்து குடியேறிய யூதக் குடும்பத்தில் பிறந்தவர்.

1912-இல் தம் ஐம்பதாம் பிறந்த நாளை ஒட்டி ரோசன்வால்டு டஸ்கீஜிக்கு 25,000 டாலர் வழங்கினார். அதில் ஒரு சிறுபகுதியைக் கொண்டு அண்மையிலுள்ள சிற்றூர்களில் ஆறு பள்ளிகளைக் கட்டிப் பார்க்கலாமா என்று வாஷிங்டன் கேட்டார். வள்ளல் இசைந்தார். ஒரு நிபந்தனை மட்டும் உண்டு: நன்கொடை முழுச்செலவையும் ஏற்காது, ஊராரும் தம் பங்கைச் செலுத்த வேண்டும். இத்திட்டத்தின்படி முதலில் எழுந்ததே லோச்சபோக்காப் பள்ளி.

தொள்ளாயிரத்து நாற்பத்திரண்டரை டாலர்

கணக்குப் பார்த்துப் பழகிய நம் அங்கத்தினர்கள் இப்பள்ளியின் வரவு செலவையும் காண விரும்புவர். மொத்தச் செலவு 942.50 டாலர். ரோசன்வால்டு அளித்தது 300 டாலர். அவ்வட்டாரத்து வெள்ளையர் அளித்தது 360 டாலர். கறுப்பின மக்கள் நிலம் வாங்குவதற்காக 150 டாலர் திரட்டினர், அதன்மேல் 132.50 டாலர் பெறுமானமுள்ள உடலுழைப்பையும் கொடுத்தனர். கையில் காசில்லாதவனும் பங்காளி ஆகலாம் என்பதை இக்கடைசித் தொகை நமக்குக் காட்டுகின்றது. மரம் சுமந்த தோளும் ஆணி அடித்த கையும் பணத்தோடு பணமாக ஏட்டில் ஏறின.

ஆறு பள்ளிகளும் வெற்றி பெறவே, 1914-இல் மேலும் நூறு பள்ளிகளுக்கு உதவ ரோசன்வால்டு உறுதியளித்தார். 1915-இல் வாஷிங்டன் மறைந்தார், பணி நிற்கவில்லை. ஊர் ஊராகக் கூட்டங்கள் நடந்தன. உணவு சமைத்து விற்றுப் பெண்கள் பணம் சேர்த்தனர். சில ஊர்களில் உழவர்கள் தம் வயலின் ஒரு பகுதியைப் பள்ளிக்கென ஒதுக்கி, அதில் விளைந்த பருத்தியை விற்ற பணத்தைக் கட்டட நிதியில் சேர்த்தனர். ‘ரோசன்வால்டு பாத்தி’ என்றே அதற்குப் பெயர் வழங்கிற்று. பருத்திக் காயைத் துளைக்கும் கூன்வண்டு பயிரை அழித்த ஆண்டுகளிலும் இவ்வசூல் நின்றுவிடவில்லை.

அலபாமாவின் கிரீன் மாவட்டத்தில் நிகழ்ந்த ஒன்றைக் கட்டட அலுவலர் ஒருவர் பதிந்து வைத்துள்ளார். பள்ளிக்காகக் கூடிய கூட்டத்தில், அடிமைக் காலத்தைக் கண்ட முதியவர் ஒருவர் எழுந்தார். அழுக்கேறிய பழம்பை ஒன்றை எடுத்து மேசைமீது கவிழ்த்தார். வாழ்நாள் முழுதும் அவர் சேர்த்தது 38 டாலர். தம் பேரப்பிள்ளைகளின் பிள்ளைகளுக்கு நல்வாய்ப்பு அமையுமாயின் அது முழுவதையும் தந்துவிடுவதாகக் கூறினார். அம்முதியவர் அப்பள்ளியின் ஒரு பலகையைக்கூடத் தமக்கென நாடவில்லை.

வெளிச்சம் வந்த வழி

கட்டடம் எளியது, ஆயின் எண்ணிக் கட்டப்பட்டது. தொடக்க கால வரைபடங்களை டஸ்கீஜியின் கட்டடக் கலைஞர் ராபர்ட் ஆர். டெய்லர் முதலியோர் வகுத்தனர். சிற்றூர்களில் மின்விளக்கு இல்லை. ஆதலின் உயரமான பலகணிகளை வரிசையாக அடுத்தடுத்து அமைத்துப் பகலொளியை உள்ளே கொணர்ந்தனர். கிழக்கிலிருந்தோ மேற்கிலிருந்தோ ஒளி வரும்படி கட்டடத்தின் திசையைத் தேர்ந்தனர். எழுதும் கையின் நிழல் தாளில் விழாமலிருக்க, மாணவரின் இடப்பக்கமாக ஒளி வருமாறு இருக்கைகளை இட்டனர். பெரிய பள்ளிகளில் இரு வகுப்புகளுக்கு இடையே நகர்த்தக்கூடிய தடுப்பு இருந்தது. அதனை விலக்கினால் ஊர்க்கூட்டத்திற்கு மண்டபம் ஆயிற்று. நெசவாளர் நம்முள் பலர். தறிக்குழியில் வெளிச்சம் எப்பக்கம் விழ வேண்டும் என்பதன் அருமை நமக்குச் சொல்ல வேண்டுவதில்லை.

1932-இல் இத்திட்டம் முடிவுற்றபோது 15 மாநிலங்களில் 4,977 பள்ளிகள் எழுந்திருந்தன. ஆசிரியர் இல்லங்களையும் தொழிற்கூடங்களையும் சேர்த்தால் 5,357 கட்டடங்கள். 1928-ஆம் ஆண்டளவில் தென்பகுதிச் சிற்றூர்க் கறுப்பினப் பிள்ளைகளுள் மூன்றில் ஒருவர் இப்பள்ளிகளிலேயே பயின்றனர். அலபாமாவின் டிராய் நகரை அடுத்த சிற்றூரில் இத்தகைய பள்ளியொன்றில் படித்த உழவர் மகன் ஜான் லூயிஸ், பிற்காலத்தில் குடியுரிமைப் போராட்டத் தலைவராகி, 1987 முதல் 2020-இல் மறையும்வரை அமெரிக்க நாடாளுமன்றத்தில் அமர்ந்திருந்தார்.

இருமுறை செலுத்திய வரி

ஆயினும் இவ்வரலாற்றின் மறுபக்கத்தைக் கூறாது விடின் நாம் நேர்மையுடன் எழுதியவர் ஆகோம். அனைத்துப் பள்ளிகளுக்கும் ஆன மொத்தச் செலவு ஏறக்குறைய 2 கோடியே 84 லட்சம் டாலர். அதில் ரோசன்வால்டு நிதி சுமார் 44 லட்சம். கறுப்பின மக்கள் கையிலிருந்து கொடுத்தது சுமார் 47 லட்சம். பெயர் வள்ளலுடையதாயினும் அவரினும் மிகுதியாகக் கொடுத்தவர்கள் அவ்வேழைகளே. எஞ்சியதில் பெரும்பகுதி வரிப்பணம். அவ்வரியையும் அவர்கள் ஏற்கெனவே செலுத்தி வந்தனர். ஒரே பள்ளிக்கு இருமுறை விலை கொடுத்தனர் என்பதே உண்மை. கட்டி முடித்த பள்ளியை நிலத்தோடு அரசின் கல்விக் குழுவுக்கே எழுதிக் கொடுக்கவும் வேண்டியிருந்தது.

1954-இல் உச்ச நீதிமன்றம் இனவாரியாகப் பிரித்த பள்ளிகள் அரசியல் சட்டத்திற்கு முரணானவை என்று தீர்ப்பளித்தது. பின்வந்த ஆண்டுகளில் இப்பள்ளிகள் ஒவ்வொன்றாக மூடப்பட்டன. நியாயம் வென்றது, கட்டடங்கள் பாழாயின. இன்று எஞ்சியிருப்பவை பத்தில் ஒரு பங்கு அளவே. 2002-இல் அந்நாட்டு வரலாற்றுச் சின்னப் பாதுகாப்பு அறக்கட்டளை இவற்றை அழியும் நிலையிலுள்ள சின்னங்களின் பட்டியலில் சேர்த்தது. அதன்பின் பழைய மாணவர்களும் அவர்தம் வழித்தோன்றல்களும் கூடிப் பல கட்டடங்களைச் செப்பனிட்டு ஊர்ப் பொதுமன்றங்களாக்கி வருகின்றனர். பாட்டன் பங்கிட்ட கட்டடத்திற்குப் பேரன் கூரை வேய்கின்றான்.

இதிலிருந்து நாம் கொள்ள வேண்டுவன இரண்டு. பங்கு கொடுத்தவனுக்கே பொருள் உரிமையாகின்றது. இலவசமாக வந்ததைக் காக்க எவரும் விரைவதில்லை. இஃது ஒன்று. மக்கள் மனமுவந்து பங்கு தருவதைக் காரணமாகக் காட்டி அரசு தன் கடமையிலிருந்து நழுவலாகாது என்பது மற்றொன்று. முன்னதை மட்டும் பேசுவோர் ஏழையின் தியாகத்தைப் புகழ்ந்து அவன் சுமையைக் கூட்டுவர். பின்னதை மட்டும் பேசுவோர் கை கட்டிக் காத்திருப்பர். ஊரில் பள்ளியோ சங்கக் கட்டடமோ எழுப்ப முற்படும் அங்கத்தினர்கள் இவ்விரண்டையும் நெஞ்சில் இருத்தி, தம் பங்கைக் கொடுத்து, தமக்கு உரியதையும் கேட்பார்களாக.