டபுள்ஸ் போவதன் இயற்பியல்

இத்தாலியின் வட எல்லையில், ஆல்ப்ஸ் மலையின் மேல் 2,757 மீட்டர் உயரத்தில் இருக்கிறது ஸ்டெல்வியோ கணவாய். ஆஸ்திரியப் பேரரசுக்காக 1820-க்கும் 1825-க்கும் இடையில் கார்லோ டோனெகானி என்ற பொறியாளர் போட்ட சாலை அது. பிராட் கிராமத்துப் பக்கமிருந்து ஏறினால் 48 கொண்டை ஊசி வளைவுகள், ஒவ்வொன்றுக்கும் ஓர் எண். பனி விலகிச் சாலை திறந்ததும் ஐரோப்பாவின் ஸ்போர்ட் டூரிங் மோட்டார் சைக்கிள்கள் இங்கே வந்து குவியும். அவற்றில் பல, நம்மூர் வழக்கில் சொன்னால், டபுள்ஸ்.

ஓட்டுபவரைப் பற்றி எழுத ஆளுக்குப் பஞ்சமில்லை. பின்னால் உட்கார்ந்திருப்பவரைக் கவனிப்போம். அவர் கையில் ஹேண்டில்பார் இல்லை, காலடியில் பிரேக் இல்லை. கண்ணுக்கு நேரே தெரிவது ஒரு ஹெல்மெட்டின் பின்புறம். 279 கிலோ எடையுள்ள பி.எம்.டபிள்யூ. ஆர் 1250 ஆர்.டி. போன்ற ஒரு வண்டி அவரைச் சுமந்தபடி 30 டிகிரி சாய்கிறது. அவர் விழவில்லை என்பதைவிட விந்தையான ஒன்று உண்டு. அவர் பக்கவாட்டில் இம்மியளவுகூடச் சறுக்குவதில்லை.

50 மீட்டர் ஆரமுள்ள ஒரு வளைவை மணிக்கு 60 கி.மீ. வேகத்தில் கடப்பதாக வைத்துக்கொள்வோம். அதே வளைவில், அதே வேகத்தில் காரில் போகும் 65 கிலோ எடையுள்ள ஒருவரை, ஏறத்தாழ 37 கிலோ பளுவுக்குச் சமமான விசை வெளிப்பக்கமாகத் தள்ளும். அவர் கதவில் சாய்வார், கைப்பிடியைத் தேடுவார். மோட்டார் சைக்கிளில் பின்னிருப்பவருக்கு அந்தப் பக்கவாட்டுத் தள்ளல் பூஜ்யம். உடம்பு கொஞ்சம் கனத்தது போல மட்டும் தோன்றும். 65 கிலோ ஆசாமி 75 கிலோவாக இருக்கையில் அழுந்துவார். அவ்வளவுதான்.

காரணம் எளிது. வளைவில் போகிறவர் உணரும் விசைகள் இரண்டு: கீழ்நோக்கி இழுக்கும் புவியீர்ப்பு, வெளிநோக்கித் தள்ளுவதாகத் தோன்றும் மையவிலக்கு. இரண்டையும் கூட்டினால் சாய்வான ஒரே விசை வருகிறது. மோட்டார் சைக்கிள் அந்தச் சாய்வுக்கு நேராகத் தன்னையும் சாய்த்துக்கொள்கிறது, சாய்க்காவிட்டால் கவிழ்ந்துவிடும். எனவே அந்தக் கூட்டுவிசை எப்போதும் தலையிலிருந்து இருக்கை வழியாக டயருக்குத்தான் இறங்குகிறது. தண்ணீர்ச் செம்பைக் கையில் பிடித்து வேகமாகச் சுழற்றிய பிள்ளைகளுக்கு இது தெரியும்: செம்பு தலைகீழானாலும் தண்ணீருக்குக் 'கீழே' என்பது செம்பின் அடிப்பாகம்தான். பின்னிருப்பவருக்கும் சாய்ந்து கிடக்கும் இருக்கைதான் 'கீழே'.

விமானத்திலும் இதே கதைதான். சரியாகச் சாய்ந்து திரும்பும் விமானத்தில் காபி கோப்பையை விட்டு வழிவதில்லை. அதில் ஓர் ஆபத்தும் இருக்கிறது. இருட்டிலோ மேகத்திலோ ஜன்னலுக்கு வெளியே அடிவானம் தெரியாவிட்டால், விமானம் சாய்ந்திருப்பதே விமானிக்குத் தெரியாமல் போகலாம். 1999-இல் ஜான் எஃப். கென்னடி ஜூனியர் ஓட்டிய சிறு விமானம் இரவில் கடலில் விழுந்ததற்கு இத்தகைய திசைமயக்கமே காரணம் என்று அமெரிக்க விசாரணை வாரியம் முடிவு செய்தது.

ஏமாறுவது நம் காது. உட்காதில், நுண்ணிய கால்சியம் கார்பனேட் படிகங்கள் பதிந்த இரண்டு சிறு உறுப்புகள் இருக்கின்றன. 'கீழே' எந்தப் பக்கம் என்று மூளைக்குச் சொல்வது அவைதான். ஆனால் புவியீர்ப்பையும் மையவிலக்கையும் பிரித்தறிய அவற்றால் முடியாது; கூட்டுவிசையைத்தான் உணரும். வளைவில் சாய்ந்து போகும்போது அவை "நிமிர்ந்துதான் இருக்கிறோம்" என்று சாதிக்கின்றன. கண்ணோ, சாலையும் மரங்களும் அடிவானமும் முப்பது டிகிரி சரிந்து கிடப்பதைப் பார்த்து அலறுகிறது. புதிதாகப் பின்னால் உட்காருபவர் கண்ணை நம்புகிறார். அடிவானத்தோடு ஒத்துப்போக, வண்டி சாயும் பக்கத்துக்கு எதிராக உடம்பை நிமிர்த்துகிறார். பயந்த பின்னிருக்கைக்காரரைத் தூரத்திலிருந்தே கண்டுபிடித்துவிடலாம். வண்டியும் ஓட்டுபவரும் ஒரு கோட்டில் இருக்க, அவர் மட்டும் தனியாக நட்டுக்கொண்டு நிற்பார்.

இதனால் வண்டிக்கு என்ன கேடு? வண்டி, ஓட்டுபவர், பின்னிருப்பவர் எல்லாம் சேர்ந்து 425 கிலோ என்று வைத்துத் தோராயமாகக் கணக்குப் போட்டால், பின்னிருப்பவர் இடுப்புக்கு மேல் நேராக நிமிர்வதால் கூட்டு ஈர்ப்புமையம் ஒன்றிரண்டு சென்டிமீட்டர் வெளிப்பக்கம் நகர்கிறது. அதை ஈடுகட்ட வண்டி கூடுதலாக ஒரு டிகிரியோ சற்று மேலோ சாய வேண்டும். பயமுறுத்தும் எண் இல்லை. தொல்லை வேறிடத்தில் இருக்கிறது: அந்த நிமிர்வு வளைவின் நடுவில், முன்னறிவிப்பின்றி வருகிறது. ஓட்டுபவர் அளந்து வைத்த பாதை அந்த நொடியில் மாறுகிறது.

பின்னிருப்பவர் உடம்பை அசைத்து வண்டியைத் திருப்பிவிட முடியுமா என்ற கேள்விக்கு அழகான ஒரு சோதனை உண்டு. கலிபோர்னியா சூப்பர்பைக் பள்ளியை நிறுவிய கீத் கோட், ஒரு மோட்டார் சைக்கிளின் சட்டத்தோடு அசையாத இன்னொரு ஹேண்டில்பாரைப் பொருத்தினார். அதைப் பிடித்தால் முன்சக்கரத்தைத் திருப்ப முடியாது. உடம்பை மட்டும் இடம் வலம் சாய்க்கலாம். முயன்றவர்களின் வண்டி தள்ளாடியது, மெல்ல ஒரு பக்கம் ஒதுங்கியது. ஆனால் நினைத்த இடத்தில் நினைத்த அளவு திரும்பவில்லை. வேகமாகப் போகும் மோட்டார் சைக்கிளைத் திருப்புவது ஹேண்டில்பார்தான். அதுவும் தலைகீழ் முறையில்: இடப்பக்கம் போக வேண்டுமானால் முதலில் கைப்பிடியைக் கண்ணிமைக்கும் நேரம் வலப்பக்கம் திருப்ப வேண்டும். சக்கரம் வலப்பக்கம் ஒதுங்க, வண்டி இடப்பக்கம் சாயும். பிறகு சக்கரம் சாய்வைப் பின்தொடரும். சைக்கிள் ஓட்டும் எல்லோரும் அறியாமலே இதைச் செய்கிறார்கள் என்பதை விமானத்துக்கு முன் சைக்கிள் கடை வைத்திருந்த வில்பர் ரைட் கவனித்துச் சொல்லியிருக்கிறார். இந்த முதல் திருப்பலில் பின்னிருப்பவருக்குப் பங்கே இல்லை. எனவே, "நான் தப்பாக அசைந்தால் கவிழ்ந்துவிடுமோ" என்று நடுங்குவதும் "நான் சாய்ந்து கொடுத்து உதவுகிறேன்" என்று முந்திக்கொள்வதும் ஒரே அளவில் மிகை.

பின்னிருப்பவரின் உடம்புதான் எல்லாமே என்ற நிலையும் உண்டு, சைட்கார் பந்தயத்தில். மூன்று சக்கரம் என்பதால் அது சாய முடியாது. சாயாத வண்டியில் மையவிலக்கு அத்தனையும் பக்கவாட்டில் வந்து சேரும். அதனால்தான் அங்கே பயணி தரையோடு உரசுமளவுக்கு உள்பக்கம் தொங்குகிறார். 1923-இல் மான் தீவில் நடந்த முதல் சைட்கார் டி.டி. பந்தயத்தை வென்ற ஃப்ரெடி டிக்சனின் டக்ளஸ் வண்டி இன்னும் ஒருபடி மேல். அதன் சைட்காரை வளைவுக்கு ஏற்பச் சாய்க்க ஒரு நெம்புகோல் இருந்தது. அதை இயக்கியவர் உடன் பயணித்த வால்டர் டென்னி. மோட்டார் உலகில் சாய்வின் பொறுப்பு முழுக்கப் பயணியின் கையில் இருந்த அபூர்வத் தருணம் அது.

வளைவுக்குத்தான் எல்லோரும் பயப்படுகிறார்கள். உண்மையான சோதனை பிரேக். வளைவில் விசை இருக்கையோடு சேர்த்து அழுத்துகிறது. பிரேக் பிடித்தால் முன்னோக்கித் தூக்கி எறிகிறது, அதைத் தடுக்கச் சாய்வு எதுவும் உதவிக்கு வராது. நன்றாக இறுக்கிப் பிடித்தால் ஸ்போர்ட் டூரிங் வண்டியின் வேகத்தணிப்பு புவியீர்ப்பின் 0.8 மடங்கை எட்டும். 65 கிலோ பயணியின் மேல் 52 கிலோ பளு முன்பக்கம் தள்ளுகிறது என்று பொருள். அது போய்ச் சேருமிடம் ஓட்டுபவரின் முதுகு, அங்கிருந்து அவர் கைகள், கைகளிலிருந்து ஹேண்டில்பார். சாலையைப் படித்துக்கொண்டிருக்க வேண்டிய கைகள் இரண்டு பேரைத் தாங்கிக்கொண்டிருக்கும். ஓட்டுபவரின் இடுப்பைச் சுற்றிக் கையை விட்டு, பெட்ரோல் டேங்கில் உள்ளங்கையை ஊன்றச் சொல்வது இதனால்தான். முன்னாள் பந்தய வீரர் ராண்டி மமோலா, டுகாட்டியின் இரட்டை இருக்கை மோட்டோ ஜி.பி. வண்டியில் விருந்தினர்களை ஏற்றிச் சுற்றிக்காட்டியிருக்கிறார். அதில் பயணிக்கான கைப்பிடி இருந்த இடமும் டேங்க்தான்.

பிரேக்கில் இரண்டு ஹெல்மெட்டுகளும் 'டக்'கென்று முட்டிக்கொள்ளும். எடை இதற்குப் பாதிக் காரணம்தான். மீதிப் பாதி மூளையில் இருக்கிறது. பிரேக்கை அழுத்தும் கட்டளையை அனுப்பும்போதே ஓட்டுபவரின் மூளை அதன் நகலொன்றைத் தனக்கும் வைத்துக்கொள்கிறது. வேகம் குறையும் முன்பே கழுத்துத் தசைகள் இறுகிவிடுகின்றன. நமக்கு நாமே கிச்சுகிச்சு மூட்டிக்கொள்ள முடியாததும் இந்த நகலால்தான். பின்னிருப்பவருக்கு அந்த நகல் வருவதில்லை. தலை ஆடிய பிறகுதான் செய்தி தெரிகிறது. ரோல்னிக், லூபோ என்ற இரண்டு ஆய்வாளர்கள் 1991-இல் வெளியிட்ட ஆய்வில், ஒரே அசைவுக்கு உட்பட்ட இருவரில் அசைவைக் கட்டுப்படுத்தியவருக்குக் குமட்டல் குறைவாகவும், சும்மா உட்கார்ந்திருந்தவருக்கு அதிகமாகவும் இருந்தது. மலைப்பாதையில் கார் ஓட்டுகிறவர் வாந்தி எடுக்காததன் ரகசியமும் இதுவே.

அனுபவமுள்ளவர்கள் சொல்லும் பழைய யோசனை ஒன்று இங்கே அறிவியலாகிறது: வளைவு எந்தப் பக்கமோ, அந்தப் பக்கத்துத் தோளுக்கு மேலாகச் சாலையைப் பாருங்கள். இடப்பக்க வளைவுக்கு இடத்தோள், வலப்பக்கத்துக்கு வலத்தோள். பார்க்க எட்டிய தலையோடு உடம்பும் வண்டியின் சாய்வுக்குச் சரியான அளவில் தானாக வந்துவிடும். அடுத்து வருவது வளைவா, எதிரே லாரியா என்பது கண்ணுக்கு முன்கூட்டியே கிடைக்க, வராமல் போன நகலுக்கு மூளை தானே ஒன்றைத் தயாரித்துக்கொள்ளும். பின்னிருக்கைக்கு வேண்டியது தைரியம் என்று பலர் நினைக்கிறார்கள். என் பார்வையில், அடுத்த நொடி என்ன என்ற தகவல்தான் வேண்டும். அது கிடைத்துவிட்டால் தைரியம் தேவைப்படுவதே இல்லை.

ஸ்போர்ட் டூரிங் வண்டிகள் பிறந்ததே இரண்டு பேருக்காக என்று சொல்லலாம். வெறும் ஸ்போர்ட்ஸ் பைக்கின் பின்னிருக்கை ஒரு தண்டனை. உள்ளங்கை அகலத்தில் மெத்தை, முழங்கால் நெஞ்சைத் தொடும். 1976-இல் வந்த பி.எம்.டபிள்யூ. ஆர் 100 ஆர்.எஸ்., பினின்ஃபரீனா நிறுவனத்தின் காற்றுச்சுரங்கத்தில் செதுக்கிய முழுக் காற்றுக்கவசத்தோடு, வேகத்தையும் நெடுந்தூரத்தையும் ஒரே வண்டியில் சேர்த்தது. 1990-இல் ஹோண்டா எஸ்.டி. 1100, 2001-இல் யமஹா எஃப்.ஜே.ஆர். 1300 என்று வரிசை நீண்டது. இருக்கை அகலமானது, கால்மிதி கீழே இறங்கியது. பயணியின் எடை ஏறக்குறையப் பின்சக்கரத்தின் மேலேயே விழுவதால் பின்பக்கம் அமுங்கி, முகப்பு விளக்கு மரக்கிளைகளைப் பார்க்கத் தொடங்கும். அதைச் சரிசெய்யப் பின் ஸ்பிரிங்கை இறுக்க வேண்டும். இப்போது பல வண்டிகளில் அதற்கு ஒரு பொத்தான்: திரையில் ஒரு ஹெல்மெட் படம் தனியாள், இரண்டு ஹெல்மெட் டபுள்ஸ்.

காற்றை மட்டும் முழுக்க வெல்ல முடியவில்லை. முன்கண்ணாடி ஓட்டுபவருக்கு அமைதியான ஒரு பொந்தைக் கொடுக்கிறது. சற்று உயரத்தில் உட்காருபவரின் தலை அந்தப் பொந்தின் விளிம்பில், சுழல் காற்றில் நிற்கிறது. 100 கி.மீ. வேகத்தில் ஹெல்மெட்டுக்குள் காற்றின் இரைச்சல் 100 டெசிபலை நெருங்கக்கூடும். 85 டெசிபலை 8 மணி நேரம் தாங்கலாம், ஒவ்வொரு 3 டெசிபல் ஏற்றத்துக்கும் நேரம் பாதியாகும் என்பது தொழில்நல அறிவியலின் அளவுகோல். அதன்படி 100 டெசிபலுக்கு 15 நிமிடம்தான். நெடும்பயணம் போகிறவர்கள் காதில் நுரை அடைப்பான் வைத்துக்கொள்வது இதற்காகத்தான். குளிர் இன்னொன்று: பிராட் கிராமத்திலிருந்து ஸ்டெல்வியோ உச்சிக்கு ஏறுவதற்குள் வெப்பநிலை ஏறத்தாழ 12 டிகிரி செல்சியஸ் விழுந்திருக்கும்.

சாய்வுக் கணக்கில் வருவது வேகமும் வளைவின் ஆரமும் புவியீர்ப்பும்தான். எடைக்கும் என்ஜினுக்கும் அதில் இடமில்லை. ஆகவே 1,254 சி.சி. வண்டியில் ஸ்டெல்வியோ ஏறுபவருக்கும் 100 சி.சி. வண்டியில் கொல்லிமலையின் 70 வளைவுகளில் ஏறுபவருக்கும் ஒரே விதி. நம்மூரில் கூடுதலாக ஒன்றைக் கணக்கில் எடுக்க வேண்டும்: ஒருபக்கமாகக் கால் போட்டு உட்காருவது. வளைவு அப்படி உட்கார்ந்தவரை எதுவும் செய்யாது, விசை இருக்கைக்குள்தான் இறங்கும். பிரேக் செய்யும். முன்னோக்கி வரும் அந்தப் பளு அவருக்குப் பக்கவாட்டு விசை. அதை எதிர்த்து ஊன்ற முன்னே காலில்லை, இறுக்கிப் பிடிக்கத் தொடையில்லை. புடவையோ வேட்டியோ, முடிந்தவரை இருபுறமும் கால் போட்டு உட்காருங்கள். ஹெல்மெட்டையும் வீட்டில் வைத்துவிட்டுப் போகாதீர்கள். மோட்டார் வாகனச் சட்டத்தின் 129-ஆம் பிரிவு நான்கு வயதுக்கு மேற்பட்டவர்களை அணியச் சொல்கிறது. முன்னிருக்கைக்கு ஒன்று, பின்னிருக்கைக்கு வேறொன்று என்று அது பிரிக்கவில்லை.