தையல் என்னும் சொல்

‘தையல்’ என்றவுடன் ஊசியும் நூலுமே நம் நினைவில் எழுகின்றன. காலில் முள் தைத்தது என்கிறோம். சட்டை தைத்தோம் என்றும் சொல்கிறோம். துளைப்பதையும் இணைப்பதையும் ஒரே வினையாற் குறித்த நம் முன்னோரின் நுட்பம் வியத்தற்குரியது. துளையாமல் இணைக்க ஊசியால் இயலாதன்றோ? பெண்ணையும் அழகையுங்கூடத் தையல் என்றே இலக்கியங்கள் சுட்டும்.

தையலைக் குறிக்கும் சொல்லொன்று மேனாட்டு விஞ்ஞானத்திலும் பல துறைகளில் உலாவுகின்றது. ‘சூச்சர்’ என்பது அது. தைத்தல் எனும் பொருளுடைய இலத்தீன் வினையிற் பிறந்தது. வடமொழியில் நூலிழையைக் குறிக்கும் ‘சூத்திரம்’ இதற்கு உறவுமுறையான சொல் என மொழிநூலார் கூறுவர்.

சத்திரசிகிச்சையில் இதன் பொருள் வெளிப்படை. கிழிந்த குடலின் ஓரங்களைப் பெரிய கரிய எறும்புகளாற் கடிப்பித்து, அவற்றின் உடலை நீக்கித் தலையை மட்டும் விட்டுவிடும் முறையைச் சுசுருத சங்கிதை கூறுகின்றது. பிற்காலத்து வைத்தியர் ஆட்டுக்குடலில் நூல் செய்தனர். ஆங்கிலேயர் அதற்குச் சூட்டிய பெயரோ ‘பூனைக்குடல்’! பூனைக்கு அதில் யாதொரு பங்கும் இல்லை.

ஊசியும் நூலும் புகாத தையலொன்றை நாம் ஒவ்வொருவரும் தலையிற் சுமக்கின்றோம். மண்டையோட்டு என்புகள் பல்லோடு பல் பொருந்தினாற்போல வளைந்து வளைந்து இணையும் கோடுகளையும் உடற்கூற்று நூலார் இப்பெயராலேயே அழைப்பர். பிறக்கும்போது இவ்வென்புகள் ஒன்றிவிடுவதில்லை. இடையே நார்த்தன்மையான மென்படலமே உண்டு. அதனாலேயே குழந்தை பிறக்கும் வேளையில் அவை சற்று ஒன்றன்மேல் ஒன்று ஏறித் தலைக்கு வழிவிடுகின்றன. இத்தையல்கள் சந்திக்கும் இடமே, தாய்மார் நன்கறிந்த உச்சிக்குழி. பெரும்பாலும் ஒன்று முதல் இரண்டு வயதுக்குள் அது மூடிவிடும். வயிற்றோட்டம் கண்ட குழந்தையின் உச்சிக்குழி உள்வாங்கியிருப்பின், உடலில் நீர் வற்றுகின்றது என்பதற்கு அஃது அடையாளமாகலாம். உடனே வைத்தியரை நாடவேண்டும்.

தையல் என்றால் இறுக மூடியிருப்பதே சிறப்பு என எண்ணுவோம். மண்டையோட்டில் அது பொருந்தாது. முதல் ஆண்டுகளில் மூளை விரைந்து பெருக்கின்றது. அதற்கு ஈடாக என்பு வளர்வது இத்தையலின் ஓரங்களிலேயே. ஒரு தையல் காலத்துக்கு முந்தி மூடிக்கொண்டால், தலை அப்பக்கம் விரியாமல் வேறு பக்கம் நீண்டு வடிவம் மாறும். சிலவேளை மூளையும் நெருக்குண்ணும். அப்போது மூடிய தையலைச் சத்திரசிகிச்சையாற் பிரித்துவிடுகிறார்கள். தைப்பது மட்டுமன்று, பிரிப்பதும் அங்கே வைத்தியமாகின்றது.

தாவரநூலாரின் தையலும் பிரிவதற்கே உரியது. முற்றி உலர்ந்த பயற்றங்காய் இரு ஓரங்களிலும் வெடிப்பதைச் சமையலறையிலேயே காணலாம். ஓர் ஓரத்தில் மட்டும் விதைகள் ஒட்டியிருக்கும்; மடிந்த இலை போன்ற சூலகத்தின் விளிம்புகள் கூடியது அங்கேதான்.

நிலவியலாரோ கண்டங்களையே தைத்துவிட்டனர். இலங்கையையும் சுமந்து வடக்கே நகர்ந்த இந்தியத் தட்டு, ஏறத்தாழ 5 கோடி ஆண்டுகளுக்கு முன் ஆசியாவோடு மோதிற்று. இடையிலிருந்த கடல் மறைந்தது. இரண்டும் கூடிய கோடு, சிந்து நதியும் சாங்போ நதியும் ஓடும் பள்ளத்தாக்குகளை ஒட்டிச் செல்கின்றது. அதற்கும் தையல் என்றே பெயர். பழைய கடலடிப் பாறைகள் இன்றும் அங்கே மலைமீது கிடக்கின்றன.