இரவில் மூச்சு வாங்கும் செடிகள்

சாத்தூர் வெயிலைத் தாங்குகிற செடி வேறு, சாத்தூர் வீட்டுக்குள் தாக்குப்பிடிக்கிற செடி வேறு. சித்திரை பிறந்தால் அனல்காற்றுக்குப் பயந்து காலை பதினொரு மணிக்கே ஜன்னலைச் சாத்திவிடுகிறோம். அப்புறம் கூடத்தில் வெக்கை இருக்கும், வெளிச்சம் இருக்காது. வெளிச்சத்தை அளக்கும் லக்ஸ் கணக்கில், வெளியே உச்சிவெயில் ஒரு லட்சம் லக்ஸ் வரை அடிக்கும்போது வீட்டின் நடுக்கூடத்தில் சில நூறு லக்ஸ்தான் மிஞ்சும். நம் கண் பழகிக்கொள்வதால் வித்தியாசம் உறைப்பதில்லை. செடிக்கு உறைக்கும். நர்சரியில் பூத்துக் குலுங்கியது டி.வி. பக்கத்தில் வைத்ததும் சோர்ந்துபோவது அதனால்தான்.

வெக்கைக்கும் அரை இருட்டுக்கும் ஒருசேர ஈடுகொடுப்பது ஸ்நேக் பிளான்ட். விறைப்பாக நிமிர்ந்த, கரும்பச்சையில் வெளிர்வரி ஓடும் தடித்த இலை. சில வகையில் ஓரத்தில் மஞ்சள் கரை. பிறந்த இடம் மேற்கு ஆப்பிரிக்கா. ஆனாலும் முழு அந்நியன் இல்லை: நம் ஊர்ப் புதர்க்காடுகளில் வளரும், நார் உரித்துக் கயிறு திரித்த மருள் இதன் பங்காளிதான்.

பெரும்பாலான செடிகள் பகலில் இலைத்துளைகளைத் திறந்து கரியமில வாயுவை உள்ளே இழுக்கும். அதே துளை வழியாகத் தண்ணீர் ஆவியாகிப் போய்க்கொண்டே இருக்கும். ஸ்நேக் பிளான்ட் பகலில் துளையை அடைத்துவிடும். இரவில் சூடு தணிந்த பிறகு திறந்து, வாங்கிய வாயுவை மாலிக் அமிலமாக இலைக்குள் சேர்த்துவைக்கும். விடிந்ததும் துளையை மூடிக்கொண்டு, அந்த இருப்பை வைத்து வெளிச்சத்தில் சர்க்கரை சமைக்கும்.

இந்தச் சங்கதியை நாக்காலேயே கண்டவர் பெஞ்சமின் ஹெய்ன். தரங்கம்பாடிக்கு மிஷனரியாக வந்து, கிழக்கிந்தியக் கம்பெனியின் தாவரவியலாளர் ஆனவர். இலை விழுந்த இடத்திலேயே குட்டி போடுமே ரணகள்ளி, இதே வித்தை தெரிந்த அந்தச் செடியைக் கடித்துப் பார்த்திருக்கிறார். காலையில் புளிக்கிறது, மத்தியானம் ருசியே இல்லை, சாயங்காலம் கசக்கிறது என்று அவர் எழுதிய கடிதம் 1815இல் லண்டன் லின்னேயன் சங்கத்தின் இதழில் வெளிவந்தது. இரவில் சேரும் அமிலம் பகலில் செலவாவதைத்தான் அந்த நாக்கு சொன்னது. நீங்கள் கடித்துப் பார்க்க வேண்டாம். ரணகள்ளியில் நச்சு உண்டு.

“ராத்திரியும் ஆக்ஸிஜன் தரும் சார்” என்று ஸ்நேக் பிளான்ட் விற்பவர் சொன்னால் சிரித்துக்கொள்ளுங்கள். வெளிச்சம் இல்லாமல் எந்த இலையும் ஆக்ஸிஜன் உண்டாக்காது. காற்றைச் சுத்தம் செய்யும் என்ற பேச்சு 1989இல் வந்த நாசா ஆய்விலிருந்து கிளம்பியது. அது இறுக மூடிய பெட்டிக்குள் நடந்த சோதனை. அமெரிக்காவின் டிரெக்செல் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2019இல் பழைய ஆய்வுகளையெல்லாம் கூட்டிக் கழித்துப் பார்த்தார்கள். சாதாரணக் காற்றோட்டம் செய்கிற வேலையைச் செடி செய்ய, ஒரு சதுர மீட்டருக்குப் பத்து முதல் ஆயிரம் செடிகள் வேண்டுமாம். அப்புறம் நாம் எங்கே உட்காருவது? அழகுக்காக வையுங்கள், அது போதும்.

இந்தச் செடி வாடிச் சாவது அபூர்வம், அழுகிச் சாவதுதான் அதிகம். அடியில் ஓட்டை உள்ள மண்தொட்டி நல்லது. நம் கரிசல் மண்ணை அப்படியே நிரப்பினால் தண்ணீரைப் பிடித்துவைத்துக்கொண்டு வேரை அழுக வைக்கும். பாதிக்குப் பாதி மணல் கலக்க வேண்டும். விரலை விட்டுப் பார்த்து, உள்மண்ணும் காய்ந்திருந்தால் மட்டும் தண்ணீர். இலையில் படியும் தூசியை ஈரத்துணியால் துடைத்தால் கிடைக்கிற கொஞ்ச வெளிச்சமும் உள்ளே போகும். தவழும் குழந்தை இருக்கிற வீட்டில் கைக்கெட்டாத உயரத்தில் வையுங்கள்: இதன் இலையை மென்றால் வாந்தி வரும்.