உதிரியாக வாங்கினால் எச்சரிக்கை கிடையாது

உடம்புக் கணக்கு – 9

காலை ஷிப்டு விட்டு, மதிய ஷிப்டு உள்ளே போகிற அரைமணி நேரத்தில் பாடி எம்.டி.எச். சாலையோர டீக்கடைகளில் நிற்க இடம் கிடைக்காது. சம்பந்தர் பாடிய திருவலிதாயம் இதே ஊர்தான். ஆனால் இன்றைய பாடியை வளர்த்தவை 1960-களின் தொடக்கத்தில் அடுத்தடுத்து வந்த ஆலைகள்: வீல்ஸ் இந்தியா, லூகாஸ் டி.வி.எஸ்., பிரேக்ஸ் இந்தியா, சுந்தரம் கிளேட்டன். அவற்றை ஒட்டி மண்ணூர்பேட்டை, பட்டரவாக்கம், அம்பத்தூர் எஸ்டேட் வரைக்கும் லேத் பட்டறைகள் பெருகின. சாப்பாடு, தூக்கம், கல்யாணத்துக்குப் போவது எல்லாமே ஷிப்டைப் பார்த்துத்தான் என்று ஆகிப்போன குடும்பங்கள் இங்கே ஏராளம்.

அந்த டீக்கடைகளுக்கு இந்தத் தொடரில் என்ன வேலை என்றால், தூணில் கயிறு கட்டித் தொங்கும் அந்த லைட்டருக்காகத்தான். கடைக்காரர் பாக்கெட்டிலிருந்து ஒரு சிகரெட்டை உருவிக் கொடுக்கிறார். பாக்கெட் அவரிடமே தங்கிவிடுகிறது. 2016 ஏப்ரலிலிருந்து அந்த பாக்கெட்டின் முன்னும் பின்னும் 85 சதவீத இடம் எச்சரிக்கைப் படத்துக்கு. 2018 செப்டம்பரிலிருந்து, விட நினைப்பவர்களுக்கான இலவச உதவி எண்ணும் அதில் அச்சாகிறது: 1800-11-2356. இத்தனையும் கடைக்காரர் கண்ணில்தான் படுகிறது. காசு கொடுத்தவர் கைக்கு வருவது வெறும் சிகரெட்.

மாவா விஷயம் இன்னும் மோசம். சீவலும் சுண்ணாம்பும் புகையிலைத் தூளும் சேர்த்துக் கசக்கி, பிளாஸ்டிக் தாளில் சுருட்டிக் கொடுப்பார்கள். அதில் ஓர் எழுத்துகூட இருக்காது. தமிழ்நாட்டில் குட்காவுக்கும் புகையிலை கலந்த பான் மசாலாவுக்கும் 2013 முதல் தடை. ஆண்டுக்கு ஆண்டு ஆணையைப் புதுப்பித்து வருகிறார்கள். ஒளித்து விற்கிற சரக்குக்கு எச்சரிக்கைப் படம் போடுவது யார்?

இந்தத் தொடர் ஆரம்பித்ததிலிருந்து என்னிடம் அதிகம் கேட்கப்படுவது செல்போன் டவர், மைக்ரோவேவ், ஹேர் டை, நான்ஸ்டிக் தவா. இவற்றைப் பற்றிக் கவலைப்பட வேண்டாம் என்று சொல்லவில்லை. வரிசையில் எது முன்னால் நிற்கிறது என்று பாருங்கள் என்கிறேன். இந்தியாவில் பதிவாகும் புற்றுநோய்களில் ஏறத்தாழ 27 சதவீதம் புகையிலை சார்ந்தவை என்று 2020-ல் வந்த தேசியப் புற்றுநோய்ப் பதிவேட்டு அறிக்கை சொன்னது. தனி ஒரு பழக்கத்துக்கு இவ்வளவு பெரிய பங்கு இருக்கும்போது, ஆளிவிதைப் பொடியையும் கிரீன் டீயையும் பற்றிப் பக்கம் பக்கமாக எழுத எனக்குக் கூச்சமாக இருக்கிறது.

இன்னொரு கணக்கு நம் ஊருக்கே உரியது. 2009-10-ல் ஒரு முறை, 2016-17-ல் ஒரு முறை என்று நாடு முழுக்கப் பெரியவர்களிடம் புகையிலைப் பழக்கம் பற்றிக் கணக்கெடுத்தார்கள். இடைப்பட்ட காலத்தில் நாட்டின் சராசரி 34.6 சதவீதத்திலிருந்து 28.6-க்கு இறங்கியது. தமிழ்நாடோ 16.2-லிருந்து 20-க்கு ஏறியது. சராசரியைவிட நாம் கீழேதான் இருக்கிறோம் என்று சமாதானம் சொல்லிக்கொள்ளலாம். போகிற திசை அப்படிச் சமாதானப்பட விடாது.

“நான் புகையிலை தொடுறதில்ல சார், வெறும் பாக்குதான்” என்பது ஆண்களும் பெண்களும் சொல்கிற பதில். உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு முகமை 2004-லேயே புகையிலை சேராத பாக்கையும் புற்றுநோய் உண்டாக்கும் பொருள்களின் முதல் பட்டியலில் சேர்த்துவிட்டது. பாக்கில் உள்ள அரிகோலின் என்ற பொருள் கன்னத்தின் உள்தோலுக்கு அடியில் நார்த்திசுவைப் பெருக்குகிறது. மிருதுவாக இருக்க வேண்டிய இடம் விறைத்துப்போகிறது. முதலில் தெரிவது எரிச்சல். வழக்கமாகச் சாப்பிடும் குழம்பே நாக்கில் வைக்க முடியாமல் காந்தும். வீட்டில் காரம் கூடிப்போச்சு என்று சண்டை நடக்கும். பிறகு வாய் திறப்பது கொஞ்சம் கொஞ்சமாகக் குறையும். ஆட்காட்டி விரல், நடுவிரல், மோதிர விரல் மூன்றையும் சேர்த்து நெட்டுக்குத்தாக முன்பற்களுக்கு இடையே நுழைத்துப் பாருங்கள். நுழையாவிட்டால் பல் மருத்துவரைப் பார்த்தே ஆக வேண்டும். கண்ணாடி முன் நின்று கன்னத்தின் உட்பக்கம், நாக்கின் இரண்டு ஓரம், ஹான்ஸ் என்கிற புகையிலையை அடக்கி வைக்கும் உதட்டின் உள்பக்கம் மூன்றையும் பாருங்கள். தேய்த்தாலும் போகாத வெள்ளைத் திட்டு, சிவப்புத் திட்டு, இரண்டு வாரம் தாண்டியும் ஆறாத புண் இருந்தால் தள்ளிப்போடக் கூடாது.

இப்படி வாயைத் திறந்து பார்ப்பதற்கே பலன் உண்டு என்பதை நிரூபித்தது பக்கத்து மாநிலம். திருவனந்தபுரம் மாவட்டத்தில் 1996-ல் தொடங்கிய ஆய்வில், மருத்துவர் அல்லாத, பயிற்சி பெற்ற பணியாளர்கள் வீடு வீடாகப் போய் வாயைப் பரிசோதித்தார்கள். புகையிலையோ மதுவோ பழகியவர்களிடையே வாய்ப் புற்றுநோய்ச் சாவு மூன்றில் ஒரு பங்கு குறைந்ததாக 2005-ல் முடிவு வெளியானது. பெரிய எந்திரம் எதுவும் கிடையாது. நல்ல வெளிச்சமும் பார்க்கத் தெரிந்த கண்ணும்தான் கருவி. ஆலையில் மருத்துவப் பரிசோதனை நடக்கும்போது பிரஷர், சுகரோடு “வாயையும் ஒரு தடவை பாத்துடுங்க” என்று நீங்களாகவே கேட்கலாம்.

இனி நைட் ஷிப்டு. இரவுப் பணியை ‘புற்றுநோய் உண்டாக்க வாய்ப்புள்ளது’ என்று அதே முகமை 2007-ல் வகைப்படுத்தியது, 2019-ல் அதை மறுபடி உறுதிசெய்தது. இரவுப் பணியில் பல்லாண்டு இருந்து மார்பகப் புற்றுநோய் கண்ட பெண்கள் சிலருக்கு டென்மார்க் அரசு இழப்பீடே கொடுத்தது. நம் ஊரில் நைட் ஷிப்டை மறுப்பது யாராலும் ஆகிற காரியமில்லை. ஆனால் விடியற்காலை மூன்று மணிக்குக் கண் செருகும்போது உதட்டுக்குள் போவது எது என்று பாருங்கள். மெஷின் முன்னால் தூங்காமல் இருக்கத்தான் பலர் ஹான்ஸ் போடத் தொடங்குகிறார்கள். இதை ஆளின் ஒழுக்கக் குறை என்று முடித்துவிடுவது எனக்குச் சம்மதமில்லை. ஷிப்டு போடுகிறவருக்கும் இதில் பங்கு உண்டு. நடுராத்திரியில் பத்து நிமிட ஓய்வும், மூன்று நாளைக்கு ஒரு முறை தாறுமாறாக மாறாத ஷிப்டு வரிசையும் கொடுத்தால் அதுவும் புற்றுநோய்த் தடுப்புதான்.

லேத்தில் நிற்பவர்களுக்கு ஒன்று தனியாகச் சொல்ல வேண்டும். லண்டனில் புகைபோக்கி சுத்தம் செய்தவர்களுக்கு விதைப்பையில் புற்றுநோய் வந்ததை 1775-ல் பெர்சிவால் பாட் என்ற அறுவை மருத்துவர் எழுதினார். தொழிலால் புற்றுநோய் வரும் என்று மருத்துவம் சுட்டிக்காட்டிய முதல் சந்தர்ப்பங்களில் ஒன்று அது. அங்கே காரணம் கரி. பிற்காலத்தில் அதே நோய் நூற்பாலைகளிலும் எந்திரப் பட்டறைகளிலும் தலைகாட்டியது. காரணம், சரியாகச் சுத்திகரிக்காத கனிம எண்ணெய். இன்றைய கட்டிங் ஆயில்கள் எவ்வளவோ மேம்பட்டவை. ஆனாலும் எண்ணெய் துடைத்த பனியன் வேஸ்ட்டைச் சுருட்டி பேன்ட் பாக்கெட்டில் செருகும் வழக்கம் பட்டறைகளில் போகவில்லை. எண்ணெய் தொடைவழியே ஊறி நாள் முழுக்கத் தோலில் ஒட்டிக்கொண்டிருக்கும். வேஸ்ட்டை ஒரு டப்பாவில் போட்டு வையுங்கள். எண்ணெய் பட்ட உடுப்போடு வீட்டுக்குப் போகாமல் மாற்றிக்கொண்டு போங்கள். மெக்கானிக்குகள் பழைய பிரேக் ஷூவில் படிந்த தூசியை ஏர் அடித்து ஊதுவதையும் நிறுத்த வேண்டும். புதிய லைனிங்குகளில் பல ஆஸ்பெஸ்டாஸ் இல்லாதவை. கழற்றுகிற பழையதில் இருக்கிறதா இல்லையா என்று கண்ணால் பார்த்துச் சொல்ல முடியாது. ஈரத் துணியால் துடைத்தால் முடிந்தது.

சாப்பாட்டுக்கு வருவோம். இரைப்பைப் புற்றுநோய் சென்னை ஆண்களிடம் நெடுங்காலமாகவே முன்வரிசையில் இருக்கும் நோய். அடையாறு புற்றுநோய் மருத்துவமனையில் கஜலட்சுமியும் டாக்டர் வி. சாந்தாவும் நோயாளிகளிடம் வாழ்க்கைமுறையை விசாரித்து 1996-ல் வெளியிட்ட ஆய்வில் தெளிவாக எழுந்து நின்றவை இரண்டு: புகைபிடித்தல், ஊறவைத்த உப்புணவு. தயிர்சாதத்துக்கு ஊறுகாய் வேண்டாம் என்று சொன்னால் யார் கேட்பார்கள்? தொட்டுக்கொள்வது வேறு, பிசைந்து சாப்பிடுவது வேறு என்பது போதும். கொதிக்கக் கொதிக்க டீ குடிப்பதும் நல்லதல்ல. 65 டிகிரிக்கு மேல் சூடான பானம் உணவுக்குழாய்க்கு ஆபத்தாகலாம் என்று அதே புற்றுநோய் ஆய்வு முகமை 2016-ல் சொன்னது. ஒரு ஆத்து ஆத்தித் தரச் சொன்னால் மாஸ்டர் கோபித்துக்கொள்ள மாட்டார்.

மது 1988 முதல் அந்த முகமையின் முதல் பட்டியலில், பாக்கு இருக்கும் அதே பட்டியலில், இருக்கிறது. குடியும் புகையும் ஒரே ஆளிடம் சேரும்போது வாய், தொண்டை, உணவுக்குழாய் ஆகியவற்றுக்கான ஆபத்து கூட்டல் கணக்கில் ஏறுவதில்லை, பெருக்கல் கணக்கில் ஏறுகிறது. சம்பள நாளில் இரண்டும் சேர்ந்தேதான் நடக்கிறது.

விடுவது எப்படி? நிறுத்திய முதல் மூன்று நாள்தான் உடம்பு அதிகமாக அடம்பிடிக்கும். எரிச்சல், தலைவலி, தூக்கம் கெடுதல் எல்லாம் அப்போதுதான். மூன்று நான்கு வாரத்தில் பெரும்பாலும் அடங்கும். அதனால் நைட் ஷிப்டு வாரத்தில் ஆரம்பிக்காதீர்கள். காலை ஷிப்டு வாரமாகப் பார்த்து, வார லீவுக்கு முதல் நாள் தொடங்குங்கள். அடையாறு புற்றுநோய் மருத்துவமனையில் 2002 முதல் புகையிலை நிறுத்த ஆலோசனை மையம் இருக்கிறது. அவ்வளவு தூரம் போக முடியாதவர்களுக்கு, பாக்கெட்டே பார்க்காதவர்களுக்கு, அந்த எண்ணை இன்னொரு முறை எழுதுகிறேன்: 1800-11-2356. காசு பிடிக்காது.

(தொடரும்)